சாயாத தக்கைப்பூண்டு

முட்டையிடுவதற்குக் காலால் மண்ணைக் கிளறிக் குழி பறித்துக்கொண்டிருந்தது காடை. ஒரு சாண் போயும் ஒரு புழு இல்லை. போன கோடையில் காட்டுத்தீ தின்ற மண் அது. செத்துக் கிடந்தது.

அந்த மண்ணில்தான் மயிலும் எலியும் காடையும் கூட்டு வெள்ளாமை போட்டிருந்தன. நாற்று விடவில்லை, நடவும் இல்லை. புழுதியில் நேராக நெல்லை விதைத்து மழைக்கு விட்டன. மண்ணுக்குத் தெம்பு வரட்டும் என்று கூடவே தக்கைப்பூண்டையும் விதைத்தன. முப்பதாம் நாள் எலி பூண்டின் அடியைக் கடிக்க வேண்டும், மயில் மிதித்துச் சாய்க்க வேண்டும். பூண்டு மக்கி நெல்லுக்கு உரமாகும். அதுதான் பேச்சு.

அந்த நாளும் வந்தது. காடை குழியை விட்டு எழுந்து போய் மெல்லச் சொன்னது: "மயிலண்ணே, இன்னைக்கு முப்பது நாள். பூண்டைச் சாய்ச்சிடலாமா?"

"என்னது? காதுல விழலையே!"

"சாய்ச்சிடலாம்னு..."

"இப்பவேவா?" காடு அதிர அகவியது மயில். "வளரட்டும்! பூண்டு பெரிசானா உரமும் பெரிசு!"

"அடேயப்பா, அண்ணன் மூளையே மூளை!" என்றது எலி. பருந்தின் கண்ணில் படாமல் திரிய அதற்குப் பூண்டின் நிழல் வசதி.

"நெல்லுக்கு வெயில் வேணுமே அண்ணே. தண்டும் முத்திடும். என் குஞ்சுகளுக்கு இந்த நெல்லை விட்டா வேற..."

"முட்டையே இன்னும் போடல! அதுக்குள்ள குஞ்சுக்குச் சோறு ஊட்டுறா!" என்று எலியைப் பார்த்துச் சொன்னது மயில்.

இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. காடை திரும்பிப் போய்க் குழிக்குள் உட்கார்ந்துகொண்டது.

இருபத்தைந்து நாள் போயிற்று. பூண்டு மயிலின் தலைக்கு மேலே வளர்ந்து நின்றது. அடியில் நெல் வெளுத்துப் போய், நூல் நூலாகத் துவண்டு கிடந்தது.

மயில் பதறிப் போய் மிதித்தது. தண்டு வளைந்து விசுக்கென்று நிமிர்ந்து அதன் காலைக் கிழித்தது.

"மரமாயிடுச்சு அண்ணே! பல்லே இறங்கல!" என்று கத்தியது எலி.

இரண்டும் காடையிடம் வந்தன. அது ஏழு முட்டைகள் மேல் அடைகாத்திருந்தது.

"உனக்குத்தான் தெரியுமே! சத்தமாச் சொல்றதுக்கு என்ன கேடு?" என்றது மயில்.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? எல்லாம் உன்னாலதான்!" என்றது எலி.

காடை முட்டைகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது.

அன்றைக்கே மயில் மலைப்பக்கம் பறந்துவிட்டது. எலி அடுத்த கொல்லைக்குக் குடிபோனது. காடையால் எழுந்திருக்க முடியவில்லை. வயிற்றுக்கடியில் முட்டைகள் விரிசல் விடத் தொடங்கியிருந்தன.

சொல்லை விட்டுச் சத்தத்துக்கு மதிப்புக் கொடுக்கும் இடத்தில், கெடுத்தவர் வேறு கொல்லை தேடிக்கொள்வார். சொன்னவள் பெற்ற பிள்ளைதான் பட்டினி கிடக்கும்.