பனியாய்ப் போன மதினியும் மூன்றாம் நாள் இஸ்டும்

பெரியவங்களும் கேளுங்க, சின்னவங்களும் கேளுங்க. ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னே, கடலுக்கே வயசு குறைச்சலாயிருந்த காலத்திலே, கிளிஞ்சல்துறை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த ராஜாவின் அரண்மனையில் விருந்து சமைக்கிற தலைமைப் பண்டாரி ஒரு பெண். பெயர் ஜெய்த்தூன். ஆயிரம் பேருக்கு விருந்து என்றாலும் அலட்டிக்கொள்ள மாட்டாள். அவள் தாளிக்கிற வாசத்துக்கு நடுக்கடலில் போகிற கப்பல்கூடத் திரும்பி வரும் என்று ஊரில் பேச்சு. ஊர்ப் பேச்சில் பாதியைத் தள்ளிவிடலாம். மீதிப் பாதி நிஜம்தான்.

ஜெய்த்தூனுக்கு ஓர் அண்ணன், சதக்குத்தம்பி. கப்பல் ஓட்டுகிறவன். மிளகு விற்க ஏழு கடல் தாண்டி அயர்லாந்து என்கிற மழைத்தீவுக்குப் போனவன், திரும்பி வரும்போது கையில் ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அவள் பெயர் ஓர்லா. செம்பு நிறத் தலைமுடி, கன்னமெல்லாம் புள்ளி. கலிமா சொல்லி, நிக்காஹ் முடித்து, முறையாக வந்தவள். அவள் கொண்டுவந்த சீர் என்ன தெரியுமா? மூன்று கால் வைத்த ஓர் இரும்புச் சட்டி. அந்தச் சட்டி பேசும்! பேசும் என்றால் கதை பேசாது. அடுப்பில் ஏற்றினால், மூடியைத் தடதடவென்று ஆட்டி, "இன்னும் ஆகலே! இன்னும் ஆகலே!" என்று மாமியார் மாதிரி குறை சொல்லும். அவ்வளவுதான் அதன் பேச்சு.

புது மதினியை ஜெய்த்தூன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினாள். வீட்டிலிருந்த ஒரே சீனப் பீங்கான் கிண்ணம் மதினிக்கு. முக்காலி போட்டுத் தனி இடம் மதினிக்கு. "வாங்க மதினி, உட்காருங்க மதினி, நீங்க எழுந்திரிக்கவே கூடாது மதினி!" என்று ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட விடவில்லை. ஓர்லாவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மாசம் மூணு ஓடிப் போனது.

ஒரு நாள் காலையில், கடற்கரையில் ஒரு பீப்பாய் வந்து ஒதுங்கியது. உருண்டது, உருண்டது, தெருத்தெருவாக உருண்டு ஜெய்த்தூன் வீட்டு வாசலில் வந்து நின்றது. மூடி திறந்தது. உள்ளே இருந்து ஒரு சூனியக்காரி தலையை நீட்டினாள். பீப்பாய் நிறையக் கறுப்பு மது, அதன் நுரை அவள் மூக்கு வரைக்கும். மழைத்தீவில் அவளுக்குப் பெயர் கருநுரைக்காரி.

"ஓர்லா!" என்று அலறினாள். "கப்பல் ஏறும்போது என்ன சொன்னே? 'இனிமே என் சட்டியில உன் பீப்பாய்ச் சொட்டு விழாது'ன்னு சொன்னியே! நம்ம தீவுல கறியும் காயும் போட்டு ஆக்குற இஸ்டு எல்லாத்துக்கும் என் மதுதான் உயிர். அது வேண்டாம்னு சொன்ன மொத ஆளு நீதான். இந்தா வாங்கிக்கோ!"

நுரையை அள்ளி வீசினாள். ஓர்லாவின் கால் விரல்கள் புகைய ஆரம்பித்தன. அது புகையில்லை, மூடுபனி.

"இன்னிக்கு முழங்கால் வரைக்கும் பனி. நாளைக்கு இடுப்பு வரைக்கும். நாளன்னிக்குக் கழுத்து வரைக்கும். மூணாம் நாள் சூரியன் கடல்ல விழுந்ததும் நீ மொத்தமும் பனி. பீப்பாயில அடைச்சுத் தூக்கிட்டுப் போயிடுவேன். என் சொட்டு இல்லாத இஸ்டைச் சாப்பிட்டு, 'நான் என் வீட்டுல இருக்கேன்'னு நீ மனசார நெனச்சா மந்திரம் உடையும். நெனச்சுடுவியா? பார்த்துடலாம்!"

சதக்குத்தம்பி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். ஜெய்த்தூன் அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகினாள். அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, அழுகையை அப்புறம் வெச்சுக்கிடலாம். பிஸ்மில்லா சொல்லி அறுத்த மாட்டுக்கறியா, தொடைக்கறியாப் பார்த்து வாங்கிட்டு வாங்க. மதினி, உங்க ஊர் இஸ்டுல என்னென்ன போடுவாங்க?"

"கறி, வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு," என்றாள் ஓர்லா. "கறுப்பா இருக்கணும். லேசாக் கசக்கணும். கனமா இருக்கணும்."

அவ்வளவுதானே என்று ஜெய்த்தூன் அடுப்பைப் பற்ற வைத்தாள். கறி வெந்தது. வெந்துகொண்டிருக்கும்போது அவள் கை சும்மா இருக்குமா? பண்டாரிக் கையாயிற்றே! துளி இஞ்சி பூண்டு அரைத்துப் போட்டாள். பட்டை, கிராம்பு போட்டாள். மனசு கேட்காமல் தேங்காய்ப்பாலும் ஊற்றினாள். தெருவே மணத்தது. பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, முக்காலியில் வைத்து, தள்ளி நின்று பார்த்தாள்.

ஓர்லா சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா இது குருமாங்க."

சட்டி தடதடவென்று ஆடியது. "இன்னும் ஆகலே! இன்னும் ஆகலே!" முழங்கால் வரை பனி ஏறிவிட்டது.

இரண்டாம் நாள் ஜெய்த்தூன் வீறாப்பாகச் சமைத்தாள். மசாலா டப்பாவை அண்ணனிடம் கொடுத்து, "நான் கெஞ்சிக் கேட்டாலும் தராதீங்க!" என்று வெளியே அனுப்பிவிட்டாள். கறியைத் தண்ணீரில் போட்டாள், காய்களைப் போட்டாள், உப்புப் போட்டாள், கொதிக்க விட்டாள். நடுவில் இரண்டு தடவை, "காக்கா, ஒரே ஒரு கிராம்பு!" என்று கெஞ்சவும் செய்தாள். அவன் தரவில்லை. வந்தது என்ன? காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற பத்தியத் தண்ணீர். ஓர்லா பீங்கான் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

"இன்னும் ஆகலே! இன்னும் ஆகலே!" என்றது சட்டி. இடுப்பு வரை பனி ஏறிவிட்டது.

வாசலில் பீப்பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "என்ன பண்டாரியம்மா, கறுப்பு வரலியா? கசப்பு வரலியா? என் பீப்பாயில ஒரே ஒரு கிண்ணம் மொண்டு ஊத்து. மந்திரத்தை நானே எடுத்துடுறேன். கொதிச்சா யாருக்குத் தெரியப்போகுது?"

சதக்குத்தம்பியின் மனசு ஆடிவிட்டது. "ஜெய்த்தூன், ஒரு கிண்ணந்தானேம்மா... அவ உசுரு..."

ஜெய்த்தூனுக்கும் ஆடாமல் இல்லை. ஒரு கணம் கிண்ணத்தைக் கையில் எடுத்தே விட்டாள். எடுத்ததும் உள்ளே திரும்பிப் பார்த்தாள். பாதி உடம்போடு உட்கார்ந்திருந்த ஓர்லா தலையை ஆட்டினாள்.

"வேண்டாங்க. நான் விட்டுட்டு வந்தது அது ஒண்ணுதான். அதையே குடிச்சு நான் பிழைக்க மாட்டேன்."

ஜெய்த்தூன் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "மதினி, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அந்த மதுவை எதை வெச்சு ஆக்குறாங்க?"

"பார்லியை வெச்சு. கருகக் கருக வறுப்பாங்க. அப்புறம் ஊற வெச்சுப் புளிக்க விடுவாங்க."

"புளிக்குறதுக்கு முன்னாடி, வறுக்கும்போதே கறுப்பாயிடுமா?"

"ஆயிடும். சின்ன வயசுல அந்தப் பார்லியைத் திருடித் தின்னிருக்கேன். கசக்கும்."

ஜெய்த்தூன் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "அப்போ கறுப்பும் கசப்பும் பார்லியோடது! போதை மட்டுந்தான் அவளோடது! பார்லி ஹலால்தானே மதினி? அவளை யாரு கேட்டா?"

மூன்றாம் நாள் விடிந்ததும் வேலை தொடங்கியது. மசாலா டப்பா அண்ணனிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பார்லியை வாணலியில் போட்டு, காப்பிக்கொட்டை நிறம் தாண்டி, வீடே புகைகிற வரை வறுத்தாள். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டினாள். கறேல் என்று இறங்கியது சாறு. நாக்கில் வைத்தால் கசப்பு, அடிநாக்கில் லேசாக ஓர் இனிப்பு.

கறியைப் பெரிய துண்டாக வெட்டி, ஈரம் போகத் துணியால் ஒற்றி, கோதுமை மாவில் புரட்டினாள். மொத்தமாகக் கொட்டவில்லை. நாலு நாலு துண்டாகக் கொழுப்பில் போட்டு, ஒவ்வொரு பக்கமும் சிவந்து கறுக்கும் வரை தொடாமல் விட்டாள். பண்டாரிக்குக் கிண்டாமல் நிற்பதைப் போலக் கஷ்டம் வேறு கிடையாது! கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கறியை எடுத்துவிட்டு அதே கொழுப்பில் வெங்காயத்தைப் போட்டு, சிறு தீயில் வதக்கினாள். கறியைத் திரும்பப் போட்டு, எலும்பு வேகவைத்த சாற்றையும் பார்லிச் சாற்றையும் ஊற்றி, அடியில் பிடித்ததையெல்லாம் சுரண்டிக் கரைத்தாள். இரண்டு பேரீச்சம்பழம், கொஞ்சம் மிளகு, உப்பு. ஓர்லா ஊரில் போடுகிற பச்சிலை இங்கே ஏது? கொல்லையில் இருந்த ஓமவல்லி இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து, "இது கிட்டத்தட்ட அதேதான்!" என்றாள் ஓர்லா.

நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னபோது மூடி போட்டாள். மூடிய கையோடு சட்டி ஆரம்பித்தது. "இன்னும் ஆகலே!" பனி ஓர்லாவின் மார்புக்கு ஏறியது. "விறகை அள்ளிப் போடு! நேரம் போகுது!" என்று வாசலிலிருந்து கத்தினாள் கருநுரைக்காரி. ஜெய்த்தூன் விறகை அள்ளிப் போடவில்லை. இருந்த விறகிலும் ஒன்றை வெளியே இழுத்தாள். தீயைக் கூட்டினால் கறி கயிறாகப் போகும் என்று அவளுக்குத் தெரியும். கேரட்டைப் போட்டாள். "இன்னும் ஆகலே!" உருளைக்கிழங்கைப் போட்டாள். "இன்னும் ஆகலே!" பனி தோளுக்கு ஏறி, கைகளும் கரைந்து போயின.

அஸர் தொழுகை முடிந்து ரொம்ப நேரமாயிற்று. வெயில் மஞ்சளாகிவிட்டது. கறி கரண்டி பட்டதும் பிரிந்தது. சில கிழங்கு கரைந்து குழம்பு கனத்துக் கிடந்தது. சட்டி ஒரு தடவை குலுங்கி, வாயை மூடிக்கொண்டது. அந்தச் சட்டி சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை!

ஜெய்த்தூன் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, ஊதி, கரண்டியால் ஓர்லாவுக்கு ஊட்டினாள். ஒரு வாய். ஓர்லா கண்ணை மூடினாள். இரண்டாவது வாய். "எங்க ஊரு மழை," என்று முணுமுணுத்தாள். மூன்றாவது வாய். பனி இறங்கியது! கழுத்து வந்தது, தோள் வந்தது, கைகள் வந்தன. இடுப்பு வரை இறங்கி... அங்கேயே நின்றுவிட்டது.

பீப்பாய்க்காரி துள்ளினாள். "பாதிதான்! பாதிதான்! சூரியன் விழப்போகுது!"

ஜெய்த்தூனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மூன்று நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. "என்ன குறை மதினி? உப்பா? கசப்பா? சொல்லுங்க, நான் வேற என்ன செய்ய?"

ஓர்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இஸ்டுல குறையே இல்லைங்க. எங்க உம்மா ஆக்குனாக்கூட இப்படி வராது. ஆனா... கோவிச்சுக்காதீங்க. நீங்க பொம்பளைங்க எல்லாரும் கீழே ஒரே சஹன்ல கை போட்டுச் சாப்பிடுறீங்க. சண்டை போட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. எனக்கு மட்டும் முக்காலி, எனக்கு மட்டும் பீங்கான். மூணு மாசமா நான் கப்பல்ல வந்த விருந்தாளியாவே இருக்கேன். விருந்தாளி எப்படிங்க 'என் வீடு'ன்னு நெனைப்பா?"

ஜெய்த்தூன் நெற்றியில் அறைந்துகொண்டாள். "யா அல்லா! உங்களைப் பெருமைப்படுத்துறதா நெனச்சு ஒதுக்கியில்ல வெச்சிருக்கேன்!"

முக்காலியை ஒரு தள்ளு தள்ளினாள். பாயை விரித்தாள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய வட்டத் தட்டு, அதுதான் சஹன். அதை நடுவில் வைத்து, சோற்றைக் குவித்து, இஸ்டை மேலே அள்ளி ஊற்றினாள். ஓர்லாவைத் தூக்கிக் கொண்டுவந்து தன் எதிரே உட்கார வைத்தாள். இரண்டு பேரும் பிஸ்மில்லா சொல்லிக் கை வைத்தார்கள். ஜெய்த்தூன் நல்ல கறியாகப் பார்த்து மதினி பக்கம் தள்ளினாள். ஓர்லா அதைத் திரும்பத் தள்ளினாள். ஜெய்த்தூன் மறுபடி தள்ள, ஓர்லாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஏ ஜெய்த்தூன்! காலையிலேர்ந்து நின்னு சமைச்சது நீ. பேசாம தின்னுடி!"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று மாசத்தில் ஒரு தடவைகூட அவள் நாத்தனாரை 'நீ' என்று சொன்னதில்லை. ஜெய்த்தூன் சிரித்தாள். ஓர்லாவும் சிரித்தாள். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக் கீழே பார்த்தபோது, பாயில் சம்மணம் போட்டு மடங்கியிருந்தன இரண்டு கால்கள், புள்ளி விழுந்த பத்து விரல்களோடு. அந்த நேரம் பார்த்துச் சூரியன் கடலில் விழுந்தது. விழுந்தால் விழட்டும்!

வாசலில் பட்பட்டென்று சத்தம். பீப்பாயின் இரும்பு வளையங்கள் தெறித்து, பலகைகள் விரிந்து, மது மண்ணோடு போயிற்று. நடுவில் நனைந்து நடுங்கிக்கொண்டு ஒரு மெலிந்த பெண் நின்றாள். நுரை போனதும் கருநுரைக்காரியிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை. இஸ்டின் வாசம் அவள் மூக்கில் ஏறியது. "பீப்பாய்க்குள்ள இத்தனை வருஷம்... கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆளு கிடையாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"விரட்டுறேன் பாரு!" என்று ஜெய்த்தூன் கரண்டியைத் தூக்கினாள். ஓர்லா அவள் கையைப் பிடித்து உட்கார்த்தினாள். தானே எழுந்து, தன் சொந்தக் காலில் நடந்து வாசலுக்குப் போய், செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

அந்த நேரத்தில் சதக்குத்தம்பி மசாலா டப்பாவோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தான். "அல்ஹம்துலில்லா! எனக்கும் பசிக்குது, எனக்கு இல்லையா?"

"பொம்பளைங்க பந்தி முடியட்டும், இருங்க," என்றாள் ஓர்லா. பிறகு நடுங்குகிறவளைப் பார்த்து, கிளிஞ்சல்துறைப் பெண்கள் சொல்கிற அதே அதிகாரத்தோடு சொன்னாள்:

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கே? கையைக் கழுவிட்டு வந்து உட்காரு. இது எங்க வீடு. எங்க வீட்டுல யாரும் தனியாச் சாப்பிடுறதில்லை."

அவள் வந்து உட்கார்ந்தாள். சட்டி காலியாயிற்று. அவங்க வயிறும் குளிர்ந்தது, கேட்ட நம்ம மனசும் குளிர்ந்தது.