கஸ்பார் தூக்கிக்கொண்டு போன கோல் போஸ்ட்

எட்டுக் கரை லீக் தொடங்கிய வருஷத்திலிருந்தே முள்ளிக்கரை அணி அதில் ஆடிவந்தது. ஜெயித்ததா என்று கேட்டால் ஊர்க்காரர்கள், "ஆடுனோம்லா" என்பார்கள்.

முதல் வருஷம், பந்தைக் கையால் தொடக் கூடாது என்று லீக் கமிட்டி சொல்லியனுப்பியது. முள்ளிக்கரைக்காரர்கள் வலைக்கயிற்றால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கீப்பருக்கு விலக்கு உண்டு என்று யாரும் சொல்லாததால் கஸ்பாரின் கைகளையும் கட்டிவிட்டார்கள். அடுத்த வருஷம், பந்தின் மேலேயே கண் இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். இடைவேளையில் ரெஃப்ரி பந்தை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். பதினோரு பேரும் மேசையைச் சுற்றி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் தண்ணீர் குடிக்கவில்லை.

கட்டை அவிழ்த்த பிறகும் கஸ்பார் ஒரு பந்தைக்கூடப் பிடித்ததில்லை. ஆள் என்னவோ பனைமரம் மாதிரி இருப்பான். ஆனால் பிறந்ததிலிருந்து கடலோடு பிழைத்தவன். வலைக்குள் எது போய் விழுந்தாலும் அவன் முகம் தன்னால் மலர்ந்துவிடும். பந்து உள்ளே போனதும் சிரிப்பான், பிறகுதான் ஞாபகம் வந்து வருத்தப்படுவான். சாவதற்குள் ஒரு பந்தைப் பிடித்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை.

அந்த ஆசையில்தான் இப்போது மண் விழ இருந்தது. கமிட்டி முடிவு செய்துவிட்டது: பக்கத்து ஊரான பூவந்துறையோடு ஆடும் கடைசி ஆட்டத்தில் தோற்றால் முள்ளிக்கரை லீக்கை விட்டு வெளியே. சமன் செய்தாலே போதும், இருக்கலாம்.

கேப்டன் தொம்மை நகரத்திலிருந்து பெர்க்மான்ஸ் மாஸ்டரைக் கூட்டிவந்தான். விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ரொம்ப யோசித்துச் சொன்னார்:

"ஆளுக்கு ஒருத்தன். அவன் எங்க போனாலும் கூடவே போகணும். நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது. கஸ்பார், நீ போஸ்ட்டை விட்டு அசையக் கூடாது."

மாஸ்டர் அந்தப் பக்கம் போனதும் கூட்டம் கூடியது.

"கீப்பரை விட்டா நாம பத்து பேரு, அவனுவ பதினோரு பேரு. லியோன் மிஞ்சுதானே" என்றான் சிலுவைதாசன். பூவந்துறைக்குக் கோல் அடிக்கிறவனே லியோன்தான்.

"லியோன் கஸ்பாருக்கு" என்றான் தொம்மை.

"அண்ணே, நான் போஸ்ட்டை விடப்பிடாதுல்லா" என்றான் கஸ்பார்.

"ஆளையும் விடப்பிடாது."

எல்லாரும் மணலைப் பார்த்தபடி யோசித்தார்கள். கடைசியில் சிலுவைதாசன் நிதானமாகக் கேட்டான், "போஸ்ட்டு என்ன, முளைச்சா நிக்குது? நாமதானே நட்டோம்."

ஆட்டம் தொடங்கியது. லியோன் மைதானத்தின் நடுவுக்கு ஓடினான். கஸ்பார் குறுக்குக்கம்பைத் தோளில் தாங்கி, மூன்று சவுக்குக் கம்புகளையும் கட்டோடு மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். லியோன் திரும்பிப் பார்த்தான். கோல் போஸ்ட் வந்துகொண்டிருந்தது.

ரெஃப்ரி விசில் ஊதிவிட்டு விதிகளையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். கமிட்டி தானே எழுதிக்கொண்ட விதிகள் அவை. போஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது என்று எதிலும் இல்லை. "ஆடுங்க" என்றார்.

பூவந்துறைக்காரர்கள் கோலை நோக்கி உதைத்த பந்தெல்லாம், அது போய்ச் சேரும் முன்பே கோல் இடம் மாறிவிட்டதால், கடலுக்குப் போனது. பாதிப் பேருக்குச் சிரித்துச் சிரித்து ஓடவே முடியவில்லை. ஆட்டம் சமனில் முடிந்தது. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் கட்டிப்பிடித்தார். பஸ்ஸுக்கு நேரமானதால் கிளம்பினார். விடச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்.

லியோன் கடற்கரையோரமாக வீட்டுக்கு நடந்தான். கஸ்பாரும் நடந்தான், போஸ்ட்டோடு. மற்றப் பத்து பேரும் அவரவர் ஆளின் பின்னால் பூவந்துறைக்குப் போனார்கள்.

லியோனின் அம்மா கஸ்பாருக்கும் கஞ்சி ஊற்றினாள். "அந்தக் கம்பை அப்படி ஓரமா வச்சுட்டுக் குடி, மக்கா" என்றாள். அவன் வைக்கவில்லை. எரிச்சல் பொறுக்காமல் லியோன் தென்னையிலிருந்து உதிர்ந்து முற்றத்தில் கிடந்த ஒரு குரும்பையை ஓங்கி உதைத்தான். அது கஸ்பாரின் காலிடுக்கில் புகுந்து போஸ்ட்டுக்குள் போய் விழுந்தது. கஸ்பார் சிரித்தான். பிறகு முகம் வெளுத்தது.

அந்த நேரம் பார்த்து மாஸ்டரின் பஸ் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு அந்தத் தெருவழியே வந்தது. ஜன்னலில் ஒரு தலை நீண்டது. "ஏலே, இன்னுமா? விட்டுட்டு வீட்டுக்குப் போங்கடே, எல்லாரும்!"

ஊர் திரும்பியதும் கஸ்பார் தொம்மையிடம் உண்மையைச் சொன்னான். "அண்ணே, ஒரு கோல் விழுந்துட்டு."

"ரெஃப்ரி விசில் ஊதிட்டாரே."

"ஊதினாரு. மாஸ்டர் விடச் சொல்லலியே. எனக்கு ஆட்டம் நடந்துக்கிட்டுதான் இருந்துது."

"பந்தா அது?"

"குரும்பை."

"உருண்டையா?"

"உருண்டைதான்."

"கால்லயா உதைச்சான்?"

"கால்லதான்."

தொம்மை பெருமூச்சு விட்டான். "அப்ப கோலுதான்."

சிலுவைதாசன்தான் வழி கண்டுபிடித்தான். மைதானத்தின் அந்தக் கோடியில் பூவந்துறையின் போஸ்ட் சும்மா நிற்கிறதே. பொழுது சாய்வதற்குள் ஒன்று அடித்துவிட்டால் சமன்.

"ஆளில்லாத போஸ்ட்டுல அடிச்சா நாலு பேரு காறித் துப்ப மாட்டானா?" என்றான் தொம்மை. "கஸ்பார், நீ போய் நில்லு."

கஸ்பாருக்கு ஒரு சந்தேகம். "நான் அவங்களுக்குப் பிடிக்கணுமா, நமக்குப் பிடிக்கணுமா?"

"கீப்பர்னா பிடிக்கணும். அம்புட்டுதான்."

பத்து பேரும் மாறி மாறி உதைத்தார்கள். கஸ்பார் இடப்பக்கம் பாய்ந்தான், வலப்பக்கம் பாய்ந்தான், தலைக்கு மேல் போனதை எம்பித் தட்டினான். சூரியன் கடலில் இறங்கும்வரை ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. தொம்மை ஓடிவந்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டான். ஊரே கொட்டடித்தது.

மறுநாள் காலையில் மாலை போட்ட கஸ்பாரைத் தோளில் சுமந்தபடி அணி கமிட்டித் தலைவரின் வீட்டு வாசலில் போய் நின்றது.

"எங்களை லீக்லேருந்து எடுத்துருங்க, சார். தோத்துட்டோம்" என்றான் தொம்மை.

"நேத்து சமன்தானேப்பா. யாருகிட்ட தோத்தீங்க?"

தொம்மை பெருமையோடு மேலே கையைக் காட்டினான். "எங்க கீப்பர்கிட்ட."