சடையனுக்குத் தெரியாத ருசி

மலையடிக் காட்டில் ஒரு பன்றிக் கூட்டம் இருந்தது. பழம் விழுந்த சத்தம் கேட்டால் போதும், அத்தனையும் ஓடும். முதலில் போனது விழுங்கும்; கடைசியில் போனது தோலை நக்கும். "மெல்லுற பன்னி மெலிஞ்சு போகும்" என்று தாய்ப்பன்றிகளே குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுத்தன.

அந்தக் கூட்டத்தில் சடையன் பெரிய கெட்டிக்காரன். பந்திக்கு முந்துவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஒரு குத்து நாவல்பழம் அவனுக்கு ஒரே வாய். கொட்டை எங்கே போனது என்று அவனுக்கே தெரியாது.

அவன் தங்கை பூவாயி வேறு மாதிரி. ஒரே ஒரு பழம் கிடைத்தாலும் மூக்கால் உருட்டுவாள், முகர்வாள், நிறத்தைப் பார்ப்பாள். கடிக்கும்போது காதைச் சாய்த்துக் கேட்பாள்.

"என்ன பூவாயி, திங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கேலி செய்வான் சடையன்.

"நொறுங்கத் தின்னா நூறு வயசுண்ணே."

"அப்ப நூறு வயசு வரைக்கும் பட்டினி கிட!" என்று அவள் பழத்தையும் பிடுங்கி விழுங்குவான்.

பூவாயி கோபப்பட மாட்டாள். "எப்படி இருந்துச்சுண்ணே?" என்று மட்டும் கேட்பாள்.

"உள்ள போயிருச்சு" என்பான் அவன்.

ஆனி மாதத்தில் ஒருநாள் காலை, தோப்பு வேலிக்குப் பக்கத்தில் ஒரு பாறைமேல் பலாப்பழத் துண்டு ஒன்று இருந்தது. அண்ணனும் தங்கையும் ஒன்றாகப் பார்த்தார்கள். பின்னால் கூட்டம் ஓடிவரும் சத்தமும் கேட்டது.

பூவாயி முகர்ந்தாள். அவள் முகம் மாறியது. "வேண்டாம்ணே. பலா வாசத்துக்குள்ள வேற வாடை அடிக்குது. கோயில் திருவிழாவுல வெடி போட்டப்ப வந்த வாடை. ஒரு ஈ கூட உக்காரல பாரு."

"நீ மோந்து முடிக்கிறதுக்குள்ள அவங்க வந்துருவாங்க."

ஒரே கடி.

பழத்துக்குள் வெடி வைத்திருந்தார்கள். விளைச்சலைக் காக்க மனிதர்கள் செய்கிற பாவம் அது. காடே அதிர்ந்தது. கூட்டம் சிதறி ஓடிப்போனது. சடையனின் தாடை நொறுங்கிப்போனது.

அவன் தள்ளாடிப் போய் ஒரு நாவல் மரத்தடியில் படுத்தான். பூவாயி பழத்தை மென்று கூழாக்கி அவன் வாயில் விட்டுப் பார்த்தாள். எல்லாம் வழிந்து மண்ணில் போனது. சுற்றிலும் பழம் உதிர்ந்து கிடக்க, நடுவில் அவன் பசியோடு கிடந்தான். அந்தக் கொடுமையைச் சொல்லவே மனம் வரவில்லை.

ஒரு சாயங்காலம் அவன் குளறினான். "பூவாயி, நாவல்பழம் எப்படி இருக்கும்?"

"எம்புட்டுத் தின்னிருக்கே! உனக்குத் தெரியாதாண்ணே?"

"தின்னேன். நினைச்சுப் பாத்தா ஒண்ணுமே வரமாட்டேங்குது."

பூவாயி அழுதுகொண்டே ஒரு பழத்தைக் கடித்தாள். "தோல் லேசா கிழியும்ணே. முதல்ல துவர்க்கும், நாக்கை இழுத்துப் பிடிக்கும். அப்புறம் மெதுவா இனிக்கும்."

சடையன் கண்ணை மூடிக் கேட்டான். "பலா?"

அவள் பலாவைச் சொன்னாள். காட்டுக் கிழங்கைச் சொன்னாள். இலுப்பைப் பூவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் கூட்டம் திரும்பி வந்தது. அவன் உடலைச் சுற்றிக் கிடந்த நாவல்பழங்களை முண்டியடித்து விழுங்கிவிட்டுப் போனது.

கண்ணும் மூக்கும் நாக்கும் அறியாமல் தின்கிறவன், காட்டையே தின்றாலும் பட்டினியாகத்தான் சாவான்.