கருந்துளை வசனம்

"குருவே, இவன் மனுஷனே இல்ல. மரக்கட்டை."

கமாலுதீன் திரையில் நின்ற நடிகனைக் காட்டிவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மைக் மேல் மாட்டினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மங்கையர்க்கரசி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"மரக்கட்டைன்னு சொன்னதுகூட தப்பு. கட்டையைத் தட்டினா சத்தமாவது வரும்."

சவுண்ட் இன்ஜினியர் பிரான்சிஸ் சிரித்துவிட்டார். குரு பென்சில் முனையை ஊதினாள்.

குரு என்பது பட்டம் இல்லை, கிண்டல். கமாலுதீனுக்கு நாற்பத்தைந்து வயது. மங்கையர்க்கரசிக்கு முப்பத்தொன்று. சாலிகிராமத்தில் இருந்த அந்தச் சின்ன ஸ்டுடியோவில் அவள்தான் டப்பிங் இயக்குநர். முதல் நாள் கமாலுதீன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "சீடன் வந்திருக்கேன் குருவே!" என்றார். "எழுந்திருங்க அண்ணே, சட்டை அழுக்காயிடும்" என்றாள் அவள். அதிலிருந்து கிண்டல் பழக்கமானது. பழக்கம் எப்போது நிஜமானது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

கமாலுதீனுக்கு வராத குரல் கிடையாது. ரயில் நிலைய அறிவிப்பம்மா வருவார். கட்சிப் பேச்சாளர் வருவார். மிக்ஸியில் தேங்காய் சிக்கினால் வரும் சத்தம் வரும். பிரான்சிஸின் மாமனார் குரலில் பிரான்சிஸுக்கே போன் போட்டு, கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்டு அழவைத்திருக்கிறார். "அட, அப்படியே இருக்கே!" என்று யாராவது வாயைப் பிளந்தால் போதும். அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம் அவருக்கு.

ஆனால் சினிமாவில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் கதவுதான்.

நிஜமாகவே கதவு. விண்வெளிப் பேரரசைப் பற்றி ஏற்கெனவே மூன்று இங்கிலீஷ் படங்கள் தமிழில் வந்திருந்தன. மூன்றிலும் கப்பலின் கதவுக்கு அவர்தான் குரல். "கதவு திறக்கிறது. கதவு மூடுகிறது." அவ்வளவுதான் வசனம்.

இப்போது நாலாவது படம். அந்த மூன்றுக்கும் முந்தைய கதை. அவற்றில் கிரகங்களைப் பொடியாக்கிய கொடுங்கோலன் ஓர்கோன், அதற்கு முன்பு இலியன் என்ற நல்ல பையனாக இருந்த கதை. அந்த இலியனுக்குப் பேச கமாலுதீனைக் கூப்பிட்டிருந்தார்கள். கதாநாயகன்! அவர் மனைவி ஷகீலா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எதிர்வீட்டில் இனிப்புகூடக் கொடுத்தாயிற்று.

நாலு மணிக்கு, படத்தைத் தமிழில் வெளியிடும் கம்பெனியிலிருந்து ஹரிகோவிந்தன் வருவார். ஒரே ஒரு காட்சியைக் கேட்பார். பிடித்தால் கமாலுதீன் இலியன். பிடிக்காவிட்டால் இலியனுக்கு வேறு ஆள். கமாலுதீன் மறுபடியும் கதவு.

அந்தக் காட்சி இதுதான். இரண்டு நிலவு காயும் மாடி. இலியனும் சேரா என்ற பெண்ணும் எதிரெதிரே நிற்கிறார்கள். இலியன் சொல்கிறான்:

"சேரா, உன் பிரிவென்னும் கருந்துளை, என் இதய அண்டத்தின் ஒளியையெல்லாம் விழுங்கத் தொடங்கிவிட்டது."

காலையிலிருந்து கமாலுதீன் இதை உருகிச் சொன்னார். உறுமிச் சொன்னார். விக்கி விக்கி அழுதும் சொன்னார். ஒன்றும் ஒட்டவில்லை.

"என் மேல தப்பு இல்ல குருவே. அவனைப் பாருங்க. கை ரெண்டும் தொங்குது. கழுத்து திரும்பல. பஸ் ஸ்டாண்டுல பர்ஸைத் தொலைச்சவன் மாதிரி நிக்கிறான். கோடிக் கணக்குல செலவு பண்ணி நிலாவையே ரெண்டா வச்சிருக்காங்க. ஒரு நல்ல நடிகனை வச்சிருக்கக் கூடாதா?"

மங்கையர்க்கரசி பென்சிலைக் காதில் செருகினாள்.

"டீ வாங்கிட்டு வர்றீங்களா அண்ணே?"

பழைய கதைகளில் குருமார்கள் சீடனைத் தண்ணீர் மொண்டுவரச் சொல்வார்கள். சாலிகிராமத்தில் டீ.

"வாங்கிட்டு வரேன்."

"ஒரு நிபந்தனை. கடையில இந்த வசனத்தைத்தான் சொல்லிக் கேக்கணும். சேராவை எடுத்துட்டு டீயைப் போட்டுக்கங்க. வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது. வேற குரலும் கூடாது. உங்க சொந்தக் குரல்."

"சொந்தக் குரலா?"

அதை எங்கே வைத்தோம் என்று கமாலுதீனுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

"பிரான்சிஸ், நீங்களும் கூடப் போங்க. போன்ல படம் எடுங்க."

ஸ்டுடியோ வாசலுக்கு எதிரே செல்லப்பாண்டியின் டீக்கடை. ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்தார்.

கமாலுதீன் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"டீயே! உன் பிரிவென்னும் கருந்துளை, என் இதய அண்டத்தின் ஒளியையெல்லாம் விழுங்கத் தொடங்கிவிட்டது."

பன் டீக்குள் விழுந்தது.

செல்லப்பாண்டி வடிகட்டியை அந்தரத்தில் பிடித்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய பார்சல் கவர்களில் மூன்றை உருவினார்.

"மூணுதானே பாய்? மேடத்துக்குச் சர்க்கரை கம்மியா?"

கமாலுதீன் வாயைத் திறந்தார். வேறு வார்த்தை பேசக் கூடாதே! மூடிக்கொண்டார்.

பார்சலை நீட்டும்போது செல்லப்பாண்டி குரலைத் தணித்தார். "ரெஸ்ட் எடுங்க பாய். வெயில் ஜாஸ்தி."

திரும்பி வந்ததும் குரு பிரான்சிஸின் போனை வாங்கி, திரைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள்.

திரையில் இலியன். போனில் கமாலுதீன்.

இரண்டு பேருக்கும் கை ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் கழுத்து விறைத்திருந்தது. ஒருவனுக்குப் பின்னால் இரண்டு நிலவு, இன்னொருவருக்குப் பின்னால் பிஸ்கட் பாட்டில்கள். மற்றபடி இரட்டைப் பிள்ளைகள்.

"இது யாரு அண்ணே?"

"நான்தான்."

"கட்டையா?"

பிரான்சிஸ் சிரிப்பை அடக்கி டீயைப் புரையேற்றிக்கொண்டார்.

"கையை ஏன் அப்படி வச்சிருக்கீங்க?"

"வேற எங்க வைக்கிறது குருவே? அந்த வார்த்தையைச் சொல்லும்போது கையை ஆட்டினா இன்னும் கேவலமா இருக்கும். முகத்தை அசைச்சா சிரிச்சுடுவேன். அதான் எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, எப்படியாவது சொல்லி முடிச்சா போதும்னு..."

நிறுத்தினார். திரையைப் பார்த்தார்.

"பாவம்" என்றார்.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் டீ குடித்தார்கள்.

"அப்போ தப்பு எழுதினவன் மேல" என்றார் கமாலுதீன்.

"எழுதினவர் அமெரிக்காவுல தூங்கிட்டிருப்பார். முழிச்சிருக்கிறது நீங்கதான்."

"மாத்திடலாமா? 'போகாத சேரா'. அவ்வளவுதான். சுருக்குனு இருக்கும்."

"அவன் வாய் அவ்வளவு நேரம் அசையுதே. மீதி நேரம் என்ன பண்றான்? முறுக்கு திங்கிறானா?"

அதுவும் சரிதான். கமாலுதீன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மைக் முன்னால் போனார். முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம்.

"பிடிச்சுட்டேன் குருவே. இவன் யாரு? பின்னாடி ஓர்கோன் ஆகப்போறவன். அந்த இரும்புத் தொண்டை இப்பவே லேசா எட்டிப் பாக்கணும். கேளுங்க."

அடிவயிற்றிலிருந்து எடுத்தார். சேரா என்பதற்குள்ளேயே ஒரு கிரகம் பொடியானது. பிரான்சிஸின் டம்ளர் அதிர்ந்தது. முந்தைய மூன்று படங்களின் ஓர்கோன் அப்படியே வந்து நின்றான்.

"அட, அப்படியே இருக்கே!" என்றார் பிரான்சிஸ்.

கமாலுதீன் பெருமையோடு குருவைப் பார்த்தார்.

"இவன் ஓர்கோன் ஆவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள்.

"என்ன குருவே இது? மூணு படமும் பாத்தேனே!"

"அவன் பாத்தானா?"

கமாலுதீன் திரையின் பக்கம் திரும்பினார்.

"அந்த மாடியில நிக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

"சேரா கிளம்பறாள்னு தெரியும்."

"அப்புறம்?"



"அப்புறம் ஒண்ணும் தெரியாது."

சுவர்க் கடிகாரம் மூன்றரையைத் தாண்டியிருந்தது. பிரான்சிஸ் அதைப் பார்ப்பதை கமாலுதீன் பார்த்தார். நாக்கின் நுனியில் ஒரு கதவு திறந்து, மூடியது.

"முடியல குருவே. வேற யாரையாவது கூப்பிட்டுடுங்க. ஷகீலாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"மூணு டீ வேணும்னு செல்லப்பாண்டிகிட்ட சொன்னீங்களா?"

"எங்க சொல்ல விட்டீங்க!"

"பார்சல்னு?"

"அதுவும் சொல்லல."

"பின்ன எப்படிக் கொடுத்தார்?"

"என்னைப் பாத்தார். நான் அந்தக் கவரையே பாத்துட்டு நின்னேன் போல இருக்கு. பார்சல் கவர் ஆணியில தொங்கிட்டிருந்துச்சு..."

"உங்க வாயைப் பாக்கலையா?"

"வாயைப் பாத்திருந்தா ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருப்பார்."

மங்கையர்க்கரசி எழுந்தாள். டீ பார்சலோடு வந்த துண்டுக் காகிதத்தை எடுத்தாள். கதவைத் திறந்து உள்ளே வந்து, அதைத் திரையில் இலியனின் வாய்மேல் டேப் போட்டு ஒட்டினாள்.

ஆள் கொஞ்சமும் அசையாமல் நின்றதால் காகிதம் கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஐயோ குருவே! உதட்டை மறைச்சா எப்படிப் பேசறது? இருபது வருஷமா டிவி சீரியல் டப்பிங்குல உதட்டை மட்டும்தான் பாத்துட்டிருக்கேன். டப்பிங் பேசற எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான். உதடு தப்பினா எல்லாம் போச்சு."

"காலையிலேருந்து அந்த உதட்டைத்தானே பாத்தீங்க. அது உங்களுக்கு மனப்பாடம்."

வெளியே போய்விட்டாள்.

படம் ஓடியது.

பார்க்க உதடு இல்லாததால் கமாலுதீனின் கண் மேலே ஏறியது.

இலியனின் கண் சேராவின் முகத்தில் இல்லை. அவள் தோளில் இருந்தது. அங்கிருந்து முகத்துக்கு வந்தது. வந்த வேகத்தில் மறுபடி தோளுக்கே ஓடியது.

"பிரான்சிஸ், நிறுத்துங்க. அந்தப் பொண்ணு தோள்ல பையா அது?"

"ஆமா அண்ணே. முதல்லேருந்தே மாட்டிட்டுத்தான் நிக்கிறா."

"நான் பாக்கவே இல்லையே."

மறுபடி ஓடியது. கண் பையின் வாருக்குப் போனது. அதை எப்படியாவது கழற்றிக் கீழே வைத்துவிடமாட்டாளா என்று கேட்டது. வாய் அதைச் சொல்லவில்லை. வாய்க்கு யாரோ ஒரு கருந்துளையைக் கொடுத்திருந்தார்கள். அவன் அதை இரண்டு கையாலும் தாங்கமுடியாமல் தாங்கிக்கொண்டு நின்றான்.

"குருவே" என்றார் கமாலுதீன். "அவனுக்கும் இந்த வசனம் பிடிக்கல."

குரு பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள்.

"நடிகனைச் சொல்லல. இலியனை. அந்தப் பையனுக்கே பிடிக்கல. ராத்திரியெல்லாம் எழுதி மனப்பாடம் பண்ணிட்டு வந்து நிக்கிறான். சொல்ல ஆரம்பிச்சதும் அசிங்கமா இருக்கு. பாதியில நிறுத்தவும் தெரியல."

"பேசுங்க" என்றாள் அவள்.

பேசினார்.

ஒரு எழுத்து மாறவில்லை. சேரா என்பதைக் கேட்காத அளவுக்குச் சொன்னார். கருந்துளையில் நாக்கு லேசாக வெட்கப்பட்டது. இதய அண்டத்தை, சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பவர்போல அவசரமாகக் கடந்தார். கடைசியில், விழுங்கத் தொடங்கிவிட்டது என்ற இடத்தில், கண் பைக்குப் போன நொடியில், அவர் குரலும் கூடவே போனது.

அறிவிப்பம்மா குரல் இல்லை அது. பேச்சாளர் குரல் இல்லை. பிரான்சிஸ் அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்த மறந்து உட்கார்ந்திருந்தார்.

நாலு மணிக்கு ஹரிகோவிந்தன் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மேல் கால் போட்டார். இங்கிலீஷில் இந்தக் காட்சியை நாலைந்து தடவை பார்த்துவிட்டதாகவும் ஒவ்வொரு தடவையும் கொட்டாவிதான் வந்தது என்றும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

காட்சி ஓடி முடிந்தது.

போட்ட காலை இறக்கினார். "இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்கள்.

"இந்தப் பையன்..." என்று ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அந்தப் பையையே பாக்கிறான் பாருங்க. எவ்வளவு நல்லா பண்ணியிருக்கான்! நான் கவனிக்கவே இல்லையே. என் சின்ன மகன் ஹாஸ்டலுக்குக் கிளம்பினப்ப நானும் இப்படித்தான் ஏதோ உளறினேன். சரி, இப்படியே போகட்டும். எதையும் மாத்தாதீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கதவு மூடும்வரை பிரான்சிஸ் காத்திருந்தார். பிறகு மைக் பொத்தானை அழுத்தி, உள்ளே நின்றவரிடம் பேசினார்.

"என்ன அண்ணே இது! படத்துல இருக்கிறவனை அப்படிப் புகழ்ந்தார். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரே!"

கமாலுதீன் அடுத்த காட்சியில் சேரா நின்றிருந்த காலி இடத்தைப் பார்க்கும் இலியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரைப் பத்தி?" என்றார்.