காத்தாயி வீட்டுக் கங்கு

மலைக்கு இந்தப் பக்கம், ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல காத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருஷன் இல்ல, புள்ள இல்ல, ஒரு குடிசையும் ஒரு அடுப்பும்தான். அப்பல்லாம் தீப்பெட்டி ஏது? அடுப்பு அணைஞ்சா அக்கம்பக்கத்துல போயி ரெண்டு கங்கு வாங்கியாந்துதான் பத்த வைக்கணும். காத்தாயி அடுப்பு மட்டும் அணையவே அணையாது. கங்கைச் சாம்பல் போட்டு மூடி வச்சிருப்பா, யாரு கொட்டாங்கச்சியத் தூக்கிட்டு வந்தாலும் கிளறி எடுத்துக் குடுப்பா. "ஐயனாரே, அடுப்பு உன்னோடது, ஊதுறதுதான் நானு"ன்னு சொல்லிக்குவா. உம் கொட்டுங்கடா, அதுக்குள்ள தூங்கிட்டீங்களா?

அப்புறம், ஒரு ஐப்பசியில மழை புடிச்சுச்சு பாரு, விடவே மாட்டேங்குது. விறகு நனைஞ்சு, வரட்டி கரைஞ்சு, ஒவ்வொரு வீட்டு அடுப்பா அணைஞ்சுக்கிட்டே வந்து, கடைசியில ஊருக்கே காத்தாயி வீட்டுக் கங்குதான் மிச்சம். அந்த நேரம் பாத்து குயவர் வீட்டு மருமக செவந்திக்குக் கொறமாசத்துல ஒரு பொட்டப்புள்ள பொறந்துருச்சு. ஒரு கையில அடங்குற புள்ள. ஈரக்காத்துல அதுக்கு ஒடம்பு சில்லிட்டுப் போகுது, ஒதடு நீலம் பாரிக்குது. "பக்கத்துல கங்குச்சட்டி இருந்துக்கிட்டே இருக்கணும், சூடு போச்சுன்னா புள்ளையும் போச்சு"ன்னு மருத்துவச்சி சொல்லிட்டா.

காத்தாயிகிட்டயும் விறகு தீந்துருச்சு. காஞ்ச விறகு இருக்குறது பெரியவீட்டு மலையப்பனோட ஓட்டுக் கொட்டகையில மட்டும்தான். கொட்டகை முட்ட விறகு, ஆனா அவன் வீட்டு அடுப்பும் அணைஞ்சு கெடக்கு. காத்தாயி நனைஞ்சுக்கிட்டே போயி நின்னா.

"ஐயா, ஒரு கட்டு விறகு குடுங்க. உங்க வீட்டுக்கும் நெருப்பு கொண்டாந்து தர்றேன்."

"விறகு தர்றேன். ஆனா இனிமே நெருப்ப நான் சொல்றவனுக்குத்தான் குடுக்கணும். எவன் எனக்கு வயல எழுதித் தர்றானோ அவனுக்கு."

"அது ஐயனாரு நெருப்புங்க. அதுக்கு நான் எப்படி வெலை சொல்லுவேன்?"

"அப்ப போ. எத்தன நாளைக்கு ஊதுறன்னு பாக்குறேன்."

அவ வீட்டுக்கு வந்து மொறத்த ஒடைச்சுப் போட்டா, ஊதுனா, கங்கு நின்னுச்சு, சட்டியில அள்ளி செவந்தி வீட்டுக்குக் கொண்டுபோயி வச்சா. அப்புறம் உலக்கையப் பொளந்து போட்டா, ஊதுனா, கொண்டுபோயி வச்சா. அப்புறம் வேற எதுவுமே இல்ல. வாசக்கதவையே கழட்டி வெட்டிப் போட்டா, ஊதுனா, கொண்டுபோயி வச்சா.

கதவில்லாத வீடு, யாரு வேணா நுழையலாமில்ல? அவ அந்தப் பக்கம் போன உடனே மலையப்பன் இந்தப் பக்கம் நுழைஞ்சான். இருந்த கங்கையெல்லாம் ஒரு சட்டியில வழிச்சுப் போட்டுக்கிட்டான், அடுப்புல ஒரு கொடம் தண்ணிய ஊத்திட்டான். படுபாவி!

சட்டிக் கங்கு ஆறுற வரைக்கும் புள்ளைகிட்ட இருந்துட்டுக் காத்தாயி வந்து பாக்குறா, அடுப்பு சேறா கெடக்கு. திரும்ப செவந்தி வீட்டுக்கு ஓடுனா, அங்க சட்டியில இருந்ததும் சாம்பலாயிருச்சு. செவந்தி அவ காலக் கட்டிக்கிட்டு, "அத்த, புள்ள கண்ணத் தெறக்க மாட்டேங்குதே"ன்னு கதறுறா.

காத்தாயிக்கு வந்துச்சே ஆத்தாமை! "ஐயனாரே, என்கிட்ட இருந்ததெல்லாம் போட்டு எரிச்சிட்டேன். இனி நான் எதைய்யா ஊதுறது?"ன்னு கத்துனா. கத்திட்டு சும்மா இருந்தாளா? புள்ளைய வாங்கித் தன் மாரோட அணைச்சு, சேலைய இழுத்துச் சுத்திக்கிட்டு, "என் ஒடம்புல சூடு இருக்குற வரைக்கும் இருக்கட்டும் சாமி"ன்னு உக்காந்துட்டா. புள்ளைக்கு மூச்சு வருதா இல்லையான்னு தெரியல. வெளியில மழை கொட்டுது.

இங்க மலையப்பன் என்ன பண்ணான் தெரியுமா? கங்குச்சட்டிய வீட்டுல வச்சா யாராவது பாத்துருவாங்கன்னு, கொண்டுபோயி விறகுக் கொட்டகைக்குள்ள ஒளிச்சு வச்சான். மேல நாலு விறகையும் போட்டு மூடுனான்! சிரிக்காதீங்கடா, பேராசை வந்தா புத்தி அப்படித்தான் வேலை செய்யும். ஊரே வந்து கெஞ்சப்போகுதுன்னு வாசல்ல கால் மேல கால் போட்டு உக்காந்துக்கிட்டான்.

கொஞ்ச நேரத்துல பின்பக்கம் பொகையுது. அப்புறம் படபடன்னு வெடிக்குது. அப்புறம் கொட்டகை முச்சூடும் எரியுது. மேல ஓடு போட்டிருக்கானா, மழை உள்ள எறங்கல. அவன் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, "ஐயோ, கங்குச்சட்டிய அங்க வச்சேனே!"ன்னு அவன் வாயாலயே கத்திட்டான்.

ஊரே ஓடியாந்துச்சு. சில பேரு அவன அடிக்கக் கையோங்குனாங்க. காத்தாயி புள்ளையோட வந்து, "அவன அப்புறம் பாருங்கடா, மொதல்ல புள்ளைக்கு நெருப்ப எடுங்க!"ன்னு கத்துனா. எரியுற கட்டைய இழுத்துப் போட்டாங்க. காத்தாயி பக்கத்துல உக்காந்து புள்ளைக்கு அனல் காட்டுனா. காட்டுனா, காட்டுனா... ஒதடு செவந்து, புள்ள வீல்னு கத்துச்சு பாரு, ஊருக்கே உசிரு வந்துச்சு. அந்த நெருப்பத்தான் அள்ளிக்கிட்டுப் போயி எல்லா வீட்டுலயும் அடுப்பு மூட்டுனாங்க.

மலையப்பனுக்கு ஒரு குச்சி மிச்சமில்ல. ரெண்டு நாளு பச்சரிசிய ஊறவச்சுத் தின்னான். மூணாம் நாளு பொசுங்குன புருவத்தோட காத்தாயி வாசல்ல வந்து தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். அவ கங்க எடுத்துக் குடுத்து, "மூடிக் கொண்டு போங்க, நனைஞ்சிரும்"னா.

அன்னைக்கே வந்து கேட்டிருந்தாலும் குடுத்திருப்பாடா. அந்தப் பாவி கேக்கலயே.

ஊரு அடுப்புல சோறு வெந்துச்சு, என் கதையும் வெந்துச்சு. போர்வைய இழுத்துப் போத்திட்டுத் தூங்குங்க.