பன்னிரண்டாவது பாட்டு

நேஸ்டர் லாரி ஓட்டுகிறவன். லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பக்கம், மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் பகுதியில் பிறந்தவன். தங்களைச் சிக்கானோ என்று சொல்லிக்கொள்ளும் அந்த ஜனங்களுக்குப் கறுப்பினப் பாடகர்கள் உருகிப் பாடிய பழைய சோல் பாட்டு என்றால் உயிர். இவனுக்கு அதோடு ராப் பைத்தியமும் உண்டு. நாற்பத்து மூன்று வயதில் முதல் ஆல்பம் போடக் கிளம்பிவிட்டான். ஆசை யாரை விட்டது!

சோல் இசைத்தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, அதைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, மேலே தன் வரிகளைச் சொல்ல வேண்டும். அந்த வித்தையைக் கொன்சுவேலாவிடம் கற்றுக்கொண்டான். அவனைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் மாயெஸ்த்ரா என்றுதான் கூப்பிடுவான். அவர்கள் பாஷையில் வாத்தியாரம்மா.

பதினொரு பாட்டு மளமளவென்று முடிந்தது. பன்னிரண்டாவது, செத்துப்போன அம்மாவுக்காக எழுதியது. அதில்தான் சனியன் பிடித்தது.

அம்மா துணி தேய்த்துக்கொண்டே கேட்கும் ஒரு பாடகியின் இசைத்தட்டை எடுத்திருந்தான். அந்தப் பாடகியும் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது. அவள் வார்த்தை வந்தால் தன் வார்த்தைக்கு இடமிருக்காது என்று நினைத்தான். அதனால் பாடுவதற்கு முன் அவள் மூச்சை இழுக்கிற சத்தத்தை மட்டும் வெட்டி, பாட்டு முழுக்கச் சுற்றவிட்டான். தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டான்.

அன்றிலிருந்து அந்தப் பாட்டைத் தொட்டால் மூன்றாம் வரியில் மூச்சு அடைத்தது. மற்ற பாட்டெல்லாம் சரளமாக வந்தது. நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். கடைசியில் அந்தத் துண்டையே நீக்கிவிட்டு, வெறும் ட்ரம்ஸோடு பாடிப் பார்த்தான். ஹெட்போனில் அவள் மூச்சை இழுத்தாள். கழற்றி வைத்தான். அப்போதும் இழுத்தாள், காதுக்கு இன்னும் பக்கத்தில்.

பிறகு லாரியிலும் கேட்டது. பக்கத்து சீட்டில் யாருமில்லை.

மறுநாள் ஆல்பத்தைக் கம்பெனியிடம் கொடுத்தாக வேண்டும். இந்தப் பாட்டு முடியாவிட்டால் பதினொன்றோடு வெளியிட்டுவிடுவார்கள். அம்மா இல்லாத ஆல்பம் அவனுக்கு எதற்கு?

பட்டப்பகலில் கொன்சுவேலா வீட்டுக்கு ஓடி, முதலில் செய்திருந்த பாட்டைப் போட்டுக் காட்டி, நடந்ததையெல்லாம் கொட்டினான்.

“மாயெஸ்த்ரா, அந்தப் பாட்டுக்கார அம்மாவுக்கு என் மேல என்ன கோபம்?”

அவள் அவனை எதிரே உட்காரச் சொன்னாள்.

“மூச்சை இழு.”

இழுத்தான்.

“விடாதே. இன்னொரு தடவை இழு.”

இழுத்தான்.

“விடாதே. இழு.”

நாலாவது தடவை கண் பிதுங்கியது. ஐந்தாவதுக்கு உடம்பு கேட்கவில்லை. வாயைப் பிளந்து மூச்சை விட்டான். மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினான். பயத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டது.

“என்னைக் கொல்லப் பாக்கறீங்களா?”

கொன்சுவேலா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்து முடித்தான், மூச்சும் சீரானது. பிறகு கேட்டாள்.

“உன் பாட்டில அவ நாற்பத்தெட்டு தடவை மூச்சை இழுக்கறா, நேஸ்டர். விடறதுக்கு எங்கே இடம் வெச்சே?”