கருங்காலி ஈட்டியும் மூங்கில் ஈட்டியும்

சேந்தன் பானை செய்கிறவன். நாற்பத்தாறு வயதுவரை சக்கரம் சுழற்றும் கோலைத் தவிர வேறெதையும் ஓங்கிப் பிடித்ததில்லை.

அந்த ஆண்டு அவனுடைய மலையூருக்கு ஒரு கிழட்டுக் காட்டுப்பன்றி வந்தது. தினைக் கொல்லையில் சேந்தனின் மனைவி நங்கையின் தொடையைக் கிழித்தது. அவள் பிழைத்தாள், ஆனால் கால் இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். அடுத்த மாதம் விறகுக்குப் போன ஒருவரைக் குத்தியது. அவர் பிழைக்கவில்லை.

ஊரில் அப்போது வேட்டை தெரிந்தவள் கொற்றி ஒருத்திதான். பன்றி ஓடையிலிருந்து ஏறிவர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றில் அவள் நிற்பாள். மற்றொன்றில் நிற்க ஒரு ஆள் வேண்டும். சேந்தன் அவள் முன் போய் நின்றான்.

"கற்றுக்கொடுங்கள், ஆசானே" என்றான்.

கொற்றி அவனைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். "சரி, அண்ணா" என்றாள். கடைசிவரை அவள் அவனை அப்படித்தான் அழைத்தாள்.

மூன்று மாதம் வெறும் கழியை வைத்துப் பழகினான். கால் ஊன்றுவது, கழியின் அடியைத் தரையில் முட்டுக்கொடுப்பது, பாய்ந்து வரும் எடையைத் தோளில் வாங்குவது. தினை முற்றத் தொடங்கியது. இனி உண்மையான ஈட்டி வேண்டும்.

இருவரும் அடிவாரத்துக் கொல்லரின் பட்டறைக்குப் போனார்கள். கொல்லர் இரண்டு ஈட்டிகளை எடுத்து வைத்தார்.

ஒன்று கருங்காலித் தண்டு, உருக்கு அலகு. கையில் எடுத்ததும் தானே நேராக நின்றது. அதன் விலைக்குச் சேந்தன் தன் கறவைப் பசுவை விற்க வேண்டும்.

இன்னொன்று மூங்கில் தண்டு. தேய்ந்த கலப்பைக் கொழுவை அடித்துச் செய்த அலகு. நான்கு பானைகளுக்குக் கொடுத்துவிடுவதாகக் கொல்லர் சொன்னார்.

சேந்தன் முதலாவதை எடுத்தான், வைத்தான். இரண்டாவதை எடுத்து வளைத்துப் பார்த்தான். மறுபடியும் முதலாவதை எடுத்தான்.

"மூங்கில் முறிந்தால் என் உயிர் போகும். கருங்காலி வாங்கினால் பசு போகும். பன்றி வராமலே போனால் பசுவும் இல்லை, ஒன்றும் இல்லை. எதை வாங்கட்டும், ஆசானே?"

"வாங்குங்கள்."

"எதை?"

"அடுப்பு மூட்டும் நேரத்துக்குள் ஊர் திரும்ப வேண்டும், அண்ணா."

அவனுக்குக் கோபம் வந்தது. உயிரைப் பற்றிக் கேட்டால் இவள் அடுப்பைப் பற்றிப் பேசுகிறாள். வீட்டுக்கு வந்து நங்கையிடம் சொன்னான்.

"பசுவை விற்றுவிடு. பால் இல்லாமல் இருந்துவிடலாம். நீ இல்லாமல் நான் என்ன செய்வேன்?" என்றாள் அவள்.

பசு போயிற்று. கருங்காலி ஈட்டி வந்தது. சேந்தன் அதன் அலகுக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தான். வெளியே போனால் யாராவது தொட்டுவிடுவார்களோ என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்த்தான்.

நான்காம் நாள் காலை ஓடைக்கரையில் புதிய தடம் தெரிந்தது. இரண்டு வழிகளிலும் இருவரும் நின்றார்கள். இடையில் இருபது அடி தூரம்.

பன்றி சேந்தனின் பக்கமாக வந்தது. பாறை இடுக்கு வழியே தலையைத் தாழ்த்தி, அவன் நினைத்ததைவிட வேகமாக.

அவன் கால் ஊன்றியிருந்தான். ஈட்டி சரியாக நின்றது. அந்த ஒரு கணத்தில் பன்றிக்குப் பின்னால் இருந்த பாறை அவன் கண்ணில் பட்டது. குறி தவறினால் அலகு பாறையில் மோதும். முனை போய்விடும்.

அவன் கை ஒரு விரற்கடை பின்வாங்கியது.

அது போதும். பன்றி அவனை உரசிக்கொண்டு கொற்றியின் பக்கம் திரும்பியது. அவள் அப்போதுதான் இந்தப் பக்கம் ஓடி வந்துகொண்டிருந்தாள். கால் ஊன்ற நேரமில்லை. அவளைத் தூக்கி எறிந்துவிட்டுப் பன்றி புதருக்குள் மறைந்தது.

சேந்தன் ஓடிப்போய் அவளைத் தூக்கினான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. வலியில் அவள் உதடு வெளுத்திருந்தது. அவன் கையைப் பார்த்தாள்.

"ஈட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

அவளை முதுகில் சுமந்து வீட்டில் சேர்த்தான். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அவள் அவனை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மறுநாளே அடிவாரத்துக்கு இறங்கினான். கொல்லர் முணுமுணுத்துக்கொண்டே கருங்காலி ஈட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு மூங்கில் ஈட்டியைக் கொடுத்தார். அவர் திருப்பித் தந்த பணத்தில் பசுவை மீட்டு வீட்டுக்கு ஓட்டி வந்தான். நங்கை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சேந்தனுக்கு மட்டும் நிம்மதி இல்லை. இப்போது வேறு பயம். மூங்கிலில் கணுவுக்குக் கணு விரலை ஓட்டி விரிசல் தேடினான். நார் சுற்றினான். போதாதென்று அவிழ்த்து மறுபடி சுற்றினான். காற்றில் குத்திப் பார்த்தான். ஏதோ கிறீச்சிட்டது போலிருந்தது. எடுத்துக்கொண்டு கொற்றியிடம் ஓடினான்.

அவள் கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"ஆசானே, இது உடைந்துவிட்டால்?"

"உடையும்."

"உடைந்தால், அப்புறம்?"

"பன்றி இருக்கும். நீங்களும் இருப்பீர்கள்."

"இது ஒரு பதிலா?"

"கருங்காலியிடம் வேறு பதில் இருந்திருந்தால் என் கால் முறிந்திருக்காது, அண்ணா" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

தினை முற்றிவிட்டது. கிளிகள் இறங்கத் தொடங்கின. இன்னும் இரண்டு நாள் விட்டால் கொல்லையில் பதர்தான் மிஞ்சும். சேந்தன் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் நங்கை கிளி ஓட்டக் கிளம்பினாள்.

"பஞ்சத்தில் சாவதற்குப் பன்றி குத்திச் சாகலாம். நீதான் பக்கத்தில் இருக்கிறாயே" என்றாள்.

அவன் இருந்தான். கொல்லையின் மேல் ஓரத்தில் ஈட்டியோடு நின்றான். முற்பகல் முழுக்க ஒன்றும் இல்லை. காற்றில் ஒரு தினைத்தட்டை அசைந்தாலும் அவன் ஈட்டியை உயர்த்தினான்.

பிறகு கதிர்கள் தனியே ஒரு கோடாக அசைந்தன. காற்றில்லை. அந்தக் கோடு நங்கையை நோக்கிப் போயிற்று.

"நங்கை!"

அவள் திரும்பினாள். ஓடப் பார்த்தாள். இழுக்கும் கால் மடங்கி விழுந்தாள்.

சேந்தன் ஓடினான். எப்படி ஓடினான் என்பது அவனுக்கு நினைவில்லை. அவளுக்கு முன்னால் போய் முழந்தாளிட்டான், அடியை மண்ணில் ஊன்றினான். பன்றி கதிர்களைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. அதன் மூச்சின் நாற்றம் முகத்தில் அடித்தது. தோளில் மலை வந்து விழுந்தது போலிருந்தது. அவன் தள்ளினான். கத்தினான். தள்ளிக்கொண்டே இருந்தான்.

"போதும்" என்று நங்கை சொல்வது தொலைவில் கேட்டது. "போதும், விடு. அது செத்துவிட்டது."

மாலை வெயிலில் சேந்தன் கொற்றியின் வீட்டுக்கு வந்தான். உடம்பெல்லாம் காய்ந்த சேறு. கையில் ஒரு முழ நீள மூங்கில் துண்டு. மீதி பன்றிக்குள் இருந்தது.

ஊர் மக்கள் சொல்லி அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நங்கை?"

"முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை."

அவள் தலையசைத்தாள். அவன் துண்டைத் தரையில் வைத்தான்.

"முறிந்துவிட்டது, ஆசானே. நான் பயந்தது போலவே முறிந்துவிட்டது. ஏதோ தெய்வம் காப்பாற்றியது. அந்தக் கருங்காலியையே வைத்திருக்க வேண்டும், இல்லையா?"

கொற்றி அந்தத் துண்டை எடுத்துப் பிளந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்போது முறிந்தது, அண்ணா?"

சேந்தன் சொல்ல வாயைத் திறந்தான். பன்றி பாய்ந்தபோதா? தோளில் எடை விழுந்தபோதா? அவன் கத்தியபோதா? ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான்.

அவள் காத்திருந்தாள்.

"நான் அப்போது ஈட்டியைப் பார்க்கவே இல்லை, ஆசானே" என்றான்.